கரி ஆலையின் கோட்டுக்காரர்

சம்பந்தியை மனசாரப் புகழ்ந்தவர்கள் உலகத்தில் இதுவரை யாரும் இல்லை. ஒருத்தராவது தொடங்கி வைக்க வேண்டாமா? நான் தொடங்குகிறேன்.

தன் மகனுக்கு என் மகளைக் கேட்டுச் சம்பந்தி முதல் தடவை வந்து வாசலில் நின்றபோது, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நான் உள்ளே ஓடினேன். சோபாவில் குவிந்திருந்த துவைத்த துணியை எல்லாம் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் திணித்தேன். சாம்பல் நிறக் கோட்டு, அதே நிறத்தில் பேன்ட், கழுத்தில் கருநீல டை. பேன்ட்டின் மடிப்பு அவ்வளவு கூர்மை. அதில் வெங்காயம் நறுக்கலாம். ஷூவைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவர் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்த பிறகு ஒரு காக்கா வந்து அதில் முகம் பார்த்து, இறகை ஒதுக்கிக்கொண்டு போயிற்று. என் கண்ணால் பார்த்தது.

"எங்க வேலைங்க?" என்று என் வீட்டுக்காரர் பயபக்தியுடன் கேட்டார்.

"கரி ஆலையிலங்க."

"மேனேஜரா?"

"மூட்டை பிடிக்கிறேன்."

அதற்குள் என் வீட்டுக்காரர் வந்தவருக்காக நாற்காலியின் நுனிக்கு வந்து பாதி எழுந்தும் நின்றிருந்தார். மறுபடி உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கிய அந்தக் கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். கோட்டுக்காரர் மட்டும் எதையும் கவனிக்காதவர் போல, "நல்ல வேலைங்க. கரி இல்லாம டயர் ஏது, டயர் இல்லாம ஊர் ஏது?" என்றார். அந்த இடத்தில்தான் என் மகளைக் கொடுப்பதென்று நான் முடிவு செய்தேன். பையனைப் பார்த்தது அதற்குப் பிறகு.

டயருக்குக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று நாம் யோசிப்பதில்லை. எண்ணெயைப் பாதிதான் எரிய விடுவார்கள். அந்தப் புகையைப் பிடித்துத் தூளாக்குவார்கள். அந்தத் தூளை மூட்டை பிடிக்கிற இடத்தில் சம்பந்திக்கு வேலை. மாவு மாதிரி இருக்கும், மாவைவிட மெலிசு. காதுக்குள் போகும், நகத்துக்குள் போகும், இமைக்குள் போகும். தண்ணீரை ஊற்றினால் போகாது, இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும், அப்புறம் எண்ணெய் தடவ வேண்டும், அதன் மேல் சோப்பு, கடைசியில்தான் வெந்நீர். எல்லாம் முடிந்த பிறகும் கண்ணோரத்தில் ஒரு கோடு மிஞ்சும். "எனக்கே மை வெக்க நேரமில்ல, இவரு தினம் வெச்சுக்கிட்டு வராரு" என்று சம்பந்தியம்மாள் சொல்வாள்.

இந்தக் கழுவலுக்கென்று ஆலைக்குள் ஒரு அறை இருந்தது. வெந்நீர்த் தொட்டி, நீளமான மர பெஞ்சு, சுவரில் வரிசையாகப் பித்தளைக் கொக்கிகள், ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. சம்பந்தி வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அத்தனை கொக்கியிலும் கோட்டு தொங்கும். மனிதர்கள் கோட்டுடன் உள்ளே போவார்கள், கரியோடு கரியாகக் கிடப்பார்கள், சங்கு ஊதியதும் குளித்து மறுபடி கோட்டுடன் வெளியே வருவார்கள். கேட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்கு, உள்ளே ஏதோ மாநாடு நடந்து முடிந்த மாதிரி இருக்கும்.

அவர் சேர்ந்த முதல் நாள் அது தெரியாமல், கரியும் உடம்புமாக அப்படியே கிளம்பியிருக்கிறார். மேஸ்திரி சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாராம்.

"எங்கடா தூக்கிட்டுப் போற?"

"நான் ஒண்ணும் எடுக்கலீங்களே!"

"மூஞ்சி பூரா எடுத்திருக்கியே! இது கம்பெனி சொத்து. வெளிய கொண்டு போனா திருட்டு. உள்ள போய் கழுவி வெச்சுட்டு வா."

மேஸ்திரி விளையாட்டுக்குச் சொன்னாரோ, வினையாகச் சொன்னாரோ, சம்பந்தி அதைக் கல்லில் எழுதிய மாதிரி எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு பொட்டுக் கரியோடு அவர் கேட்டைத் தாண்டியது கிடையாது. மழை, காய்ச்சல், வேலை நிறுத்தம், மகன் பிறந்த செய்தி, எதுவானாலும் சரி. பிரசவ ஆஸ்பத்திரியில் அவர் டையுடன் வந்து நின்றதைப் பார்த்த நர்ஸ், பெரிய டாக்டர் திடீர் சோதனைக்கு வந்துவிட்டார் என்று வார்டு முழுக்கப் படுக்கை விரிப்பை மாற்றினாளாம். "எனக்குக் கெடைச்ச சுத்தமான விரிப்பு அவரு கோட்டால வந்தது" என்பாள் சம்பந்தியம்மாள்.

பிறகு காலம் மாறிற்று. முதலில் தொப்பி காணாமல் போயிற்று, யாரும் தேடவில்லை. டை போனபோது கழுத்துக்குக் காற்று வந்தது என்றார்கள். கோட்டு கல்யாணத்துக்கு மட்டும் என்று ஆகி, அப்புறம் கல்யாணத்துக்கும் வேண்டாம் என்று ஆயிற்று. இப்போது தெருவில் இறங்கினால் எல்லோரும் அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரியும், மறுபடி தூங்கப் போகிற மாதிரியும் இருக்கிறார்கள். பாங்கு அம்மாள் முயல்குட்டி போட்ட பைஜாமாவில் பூட்டைத் திறக்கிறாள். எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய டாக்டர் அரை டிராயரில் இருந்தார். பல் போன வலி அன்றே போயிற்று, அந்த முழங்கால் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆலையிலும் அப்படித்தான். பையன்கள் கரி உடையோடு ஸ்கூட்டரில் ஏறி, சீட்டில் பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குளித்தார்கள். கொக்கிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசியில் சம்பந்தியின் கோட்டு மட்டும் மிஞ்சியது. அவர் கேட்டைத் தாண்டும்போது, "மாப்ள கெளம்பிட்டாருடா! பொண்ணு எங்க?" என்று கத்துவார்கள்.

"வீட்டுல இருக்கா. உன்னை மாதிரி ஆளு வந்தா கதவைத் தொறக்காதேன்னு சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, டையைச் சரி செய்துகொண்டு போவார்.

பெரிய முதலாளி காலமாகி, பேரன் வந்தான். சின்ன முதலாளி நல்ல பிள்ளை. மெஷின் நின்றால் தானே அடியில் புகுந்து சரி பண்ணுவான். ஆனால் எந்நேரமும் அரை டிராயர், ரப்பர் செருப்பு, கழுத்து தொங்கிப் போன பனியன். ஒருநாள் அவன் அளவெடுக்கிற டேப்புடன் அந்த அறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, இந்த ரூமை எடுத்துக்கறேன். மூட்டை அடுக்க இடமே இல்ல."

"தம்பி, இது டிரஸ் மாத்தற ரூம்."

"யாருண்ணே மாத்தறா? நீங்க ஒருத்தர்தான். ஒரு ஆளுக்கு ஒரு ரூம், ஒரு வெந்நீர்த் தொட்டி, ஆளுயரக் கண்ணாடி. மகாராஜாவுக்கே இவ்வளவு கெடையாது. ரெண்டாவதா ஒரு ஆள் இருந்தாலாவது யோசிப்பேன்."

"அப்ப நான் எங்க கழுவறது?"

"எல்லாரும் எங்க கழுவறாங்க? வீட்டுல!"

"கரியோட ரோட்டுல போகச் சொல்றீங்களா தம்பி?"

சின்ன முதலாளிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "இந்த மாசம் முடியட்டும்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மறுநாளே அறையின் ஒரு மூலையில் மூட்டைகள் வந்து உட்கார்ந்தன.

சம்பந்தி இரண்டாவது ஆளைத் தேட ஆரம்பித்தார். வாயைத் திறந்து யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர், ஒவ்வொருத்தனாகப் பிடித்து, ஒரு கொக்கியில் ஒரு சட்டையாவது மாட்டுங்களேன் என்று கேட்டார். ஸ்கூட்டர்க்காரன் என்று ஒருத்தன், வாயாடி, "அண்ணே, நான் கோட்டு போட்டுக்கிட்டுப் போனா எங்க வீட்டு நாயே என்னை உள்ள விடாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை என்று சம்பந்தியம்மாள் எனக்குப் போன் பண்ணினாள். "ஒரு ரூமுக்காகவா சாப்பிடாம இருப்பாங்க?" என்று கேட்டேன். "ரூமுக்காக இல்ல சம்பந்தி. கேட்டைத் தாண்டறதுக்காக" என்றாள். அந்த மனிதருக்குக் கேட்டுதான் எல்லாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த மாதம் முடிவதற்குள்தான் டயர் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பெரிய கம்பெனி. அவர்கள் கரியை வாங்க ஒப்புக்கொண்டால் ஆலைக்கு நல்ல காலம். மாலையில் வருவதாகச் சொன்னவர்கள், மத்தியானமே வந்துவிட்டார்கள். காரிலிருந்து இரண்டு ஆண்கள் இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவியாக வெள்ளை வெளேர் என்ற தலையுடன் ஒரு அம்மாள். மூன்று பேரும் கோட்டு. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி அன்றைய காலை ஷிப்ட் வேலையை முடித்து, குளித்து, உடுத்தி, கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

அம்மாள் நேராக அவரிடம் போய்க் கையை நீட்டினாள். "நாங்க கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டோம். முதலாளியே வாசலுக்கு வந்து வரவேற்பார்னு எதிர்பார்க்கல."

அதே நேரம் சின்ன முதலாளி மெஷின் அடியிலிருந்து எழுந்து ஓடி வந்தான். முழங்கால் இரண்டும் கறுப்பு, டிராயரில் கிரீஸ். அவன் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் தன் கைப்பையை அவனிடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பிடிப்பா."

அவன் பிடித்துக்கொண்டான். வேறென்ன செய்வான்!

"அம்மா, நான் மூட்டை பிடிக்கறவன். முதலாளி அவருதான், உங்க பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரே" என்றார் சம்பந்தி.

அம்மாள் அவரைப் பார்த்தாள், அரை டிராயரைப் பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்ல தமாஷ்! பெரிய மனுஷங்களுக்குத்தான் இப்படிப் பேச வரும்."

சம்பந்தி இன்னொரு தடவை சொன்னார். அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். உண்மையைச் சொல்லி இவ்வளவு கைதட்டல் வாங்கியவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். சின்ன முதலாளி மட்டும் வெளிறிப் போய், "உள்ள உட்காருங்க, இவரு எங்க பெரியவரு, முதலாளி இதோ வருவாரு" என்று அவர்களை ஆபீஸில் உட்கார வைத்துவிட்டு, சம்பந்தியின் கையைப் பிடித்து அந்த அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினான்.

"அண்ணே, மானத்தைக் காப்பாத்துங்க. கோட்டைக் கழட்டுங்க."

"கழட்டிட்டு நான் எதைப் போட்டுக்கிட்டு வெளிய போறது?"

"கரி டிரஸ் இருக்குல்லண்ணே!"

சொன்ன பிறகுதான் பையனுக்கு, யாரிடம் என்ன கேட்கிறோம் என்று தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். ரூமை விட்டுவிடுகிறேன், கோட்டைக் கொடு என்று அவன் பேரம் பேசவில்லை. அவருக்கும் பேரம் பேசத் தோன்றவில்லை. சம்பந்தி டையின் முடிச்சில் கை வைத்தார்.

"மொதல்ல முழங்காலைக் கழுவுங்க தம்பி. தண்ணி ஊத்தாதீங்க, எண்ணெய் அங்க இருக்கு."

பையன் கழுவினான். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். பையன் உயரம் ஜாஸ்தி, அதனால் பேன்ட் கணுக்காலுக்கு மேல் நின்றது. இப்போது அதுதான் ஃபேஷனாம், நல்லதாகப் போயிற்று. ஷூ ஒரு அளவு சின்னது. கால் கடித்ததால் மெதுவாக நடந்தான், பெரிய மனுஷ நடை தானாக வந்துவிட்டது. டையை அவரே கட்டிவிட்டார். கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "அண்ணே, எங்க தாத்தா மாதிரி இருக்கேன்" என்றான்.

"தாத்தா பாக்கெட்டுல கையை விட மாட்டாரு. எடுங்க வெளிய."

ஆபீஸுக்குள் அவன் நுழைந்ததும் மூன்று பேரும் எழுந்து நின்றார்களாம். அந்த அம்மாள் அவனை உற்றுப் பார்த்துவிட்டு, "பையைப் பிடிச்சானே ஒரு பையன், உங்க தம்பியா? ஜாடை இருக்கே" என்று கேட்டாளாம். "ஆமாங்க, அவன் கொஞ்சம் அப்படித்தான்" என்று இவன் சொன்னானாம்.

அதுவரை சரி. ஆலையைச் சுற்றிப் பார்த்தார்கள், கரியைக் கையில் தேய்த்துப் பார்த்தார்கள், பிறகு பேச்சைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்வோம் என்று நால்வரும் காரில் ஏறி ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். கோட்டும் போயிற்று, ஷூவும் போயிற்று.

சம்பந்தி கரி உடையில் பெஞ்சில் உட்கார்ந்தார். கேட்டு கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஸ்கூட்டர்க்காரன் வந்தான்.

"ஏறுங்கண்ணே, பிளாஸ்டிக் விரிச்சிருக்கேன். முக்காடு போட்டுக்கங்க, யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"ஒரு நாளுண்ணே! ஒரு நாள் கரியோட போனா உலகம் முழுகிடுமா?"

"கம்பெனி சொத்துப்பா. வெளிய கொண்டு போக எனக்குப் பழக்கமில்ல."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான். ஒவ்வொருவராகப் போனார்கள். சம்பந்தி அசையவில்லை.

வெயில் சாய்ந்தபோது சம்பந்தியம்மாள் எனக்குப் போன் பண்ணினாள். நான் போய்ச் சேர்வதற்குள் ஆலைக் காவலாளியிடம் விசாரித்து எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்தாள். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவளோ பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு வர மாட்டாரு. விடிஞ்சாலும் வர மாட்டாரு. நாமதான் போகணும்" என்றாள். பெட்டியின் அடியிலிருந்து அவருடைய கல்யாணக் கோட்டு வந்தது. கருநீலம், பித்தளைப் பொத்தான்கள். அதை உதறித் தேய்த்து மடித்து, சட்டை, பேன்ட், பழைய ஷூவோடு ஒரு பையில் வைத்தாள். பிறகு தன் நல்ல உடையை எடுத்து உடுத்திக்கொண்டு, தலை வாரி, முத்துத் தோட்டை மாட்டிக்கொண்டாள்.

"நேரமாகுதே, அப்படியே போகலாமே" என்றேன்.

"புருஷனைக் கூட்டிக்கிட்டு வரப் போறேன். அப்படியேவா போவாங்க?" என்றவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். காலில் வீட்டுச் செருப்பு, தலையில் கிளிப். "நீங்களும் கொஞ்சம் தலையைச் சீவிக்கிட்டு வாங்க சம்பந்தி. தெருவுல நாலு பேரு பார்ப்பாங்க."

சம்பந்தி சண்டைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு சீப்பை எடுத்தேன்.

காவலாளி பையை உள்ளே கொண்டு போனார். நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றோம். கொஞ்ச நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு கல்யாண மாப்பிள்ளை வெளியே வந்தார். தோள் பொருந்தியது, கை பொருந்தியது. வயிறு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நடுப் பொத்தான் திறந்திருந்தது. கேட்டுக்கு ஒரு அடி உள்ளே நின்றுவிட்டார்.

"என்னங்க, ஏன் நின்னுட்டீங்க?"

"பொத்தான் சேரல."

"மூச்சை இழுங்க."

இழுத்தார். அவள் கேட்டின் கம்பிகளுக்கு ஊடாகக் கையை விட்டுப் பொத்தானைப் போட்டாள். அவர் கேட்டைத் தாண்டினார். அவள் கையைக் கோத்துக்கொண்டாள். தெருமுனை வரை அந்த மனிதர் மூச்சு விடவில்லை, நான் பின்னாலேயே வந்தேன், சத்தியம். எதிரே பஞ்சர் கடைக்காரர் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் போனைத் தூக்கினார்கள். ஒரு கிழவர் தன் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார். சம்பந்தியின் கண்ணோரத்து மை அன்றைக்குச் சற்று அதிகமாகவே இருந்தது, நனைந்தும் இருந்தது. அது எண்ணெய்தான் என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார்.

முனையில் சின்ன முதலாளி ஏறி வந்த வாடகைக் கார் நின்றது. பையன் நொண்டிக்கொண்டே இறங்கினான். இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தான், பித்தளைப் பொத்தானைப் பார்த்தான். எதற்காக அவர் இவ்வளவு நேரம் உள்ளேயே இருந்தார் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது போலும். கை தானாகக் கோட்டைக் கழற்றப் போயிற்று.

"நடுத்தெருவுல கழட்டாதீங்க தம்பி. நாளைக்குக் கொடுங்க" என்றார் சம்பந்தி. அதைச் சொல்ல மூச்சு விட வேண்டியிருந்தது. பொத்தான் தெறித்துப் பஞ்சர் கடை வரை போயிற்று.

மறுநாள் சம்பந்தி வேலைக்குப் போனபோது அறையில் மூட்டைகள் இல்லை. அவருடைய கொக்கியில் அவருடைய கோட்டு, தூசி தட்டித் தேய்த்துத் தொங்கியது. அடுத்த கொக்கியில் இன்னொரு கோட்டு, புத்தம் புதுசு, கடைச் சீட்டு கூட எடுக்கவில்லை.

"ரெண்டாவது ஆளு வந்தாச்சுண்ணே" என்றான் சின்ன முதலாளி, அரை டிராயரில் நின்றுகொண்டு. "டை கட்ட மட்டும் எனக்கு இன்னும் வரல."

இப்போதும் அவன் அரை டிராயரில்தான் வருகிறான், அரை டிராயரில்தான் போகிறான். யாராவது ஆலை பார்க்க வந்தால் மட்டும் அந்த அறைக்கு ஓடுவான். ஆக, சம்பந்தி வெளியே போவதற்கு உடுத்துகிறார், முதலாளி உள்ளே இருப்பதற்கு உடுத்துகிறான். டயர்க்காரர்கள் கரியை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் உங்கள் கோட்டின் ராசி என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, சம்பந்திக்குக் கோபமே வந்துவிட்டது. "கோட்டைப் பார்த்து யாருங்க கரி வாங்குவாங்க? நம்ம கரி நல்ல கரிங்க!"

ஸ்கூட்டர்க்காரன் விடுவானா? போன வாரம் அறைக்குள் தலையை நீட்டியிருக்கிறான்.

"அண்ணே, ஒண்ணு உங்களுது, ஒண்ணு முதலாளியுது. மூணாவது கொக்கியை எதுக்குப் பாலீஷ் போட்டு வெச்சிருக்கீங்க?"

சம்பந்தி கண்ணாடியைப் பார்த்து டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாராம்:

"திருடினதைத் திருப்பி வெக்க ஒருத்தன் வருவான். அவனுக்கு."